நூறு காலடி தூரம்

சிசிலித் தீவின் பலெர்மோ விமான நிலையம் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. இறங்கும்போது ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் மொட்டைப் பாறை மலை. நிலையத்துக்கு ஜொவானி ஃபால்கோனே, பாவ்லோ போர்செல்லீனோ என்ற இருவரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மாஃபியாவை விசாரித்த மாஜிஸ்திரேட்டுகள். 1992இல் 57 நாள் இடைவெளியில் இருவரும் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார்கள். நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஃபால்கோனேவின் கார் வெடித்துச் சிதறிய கபாச்சியில், நினைவுத் தூண்கள் நிற்கின்றன. பலெர்மோவுக்குப் போகும் எவர் கண்ணிலும் அவை படும். நான் அந்தச் சாலையில் போவதற்கு முன்பே பக்கத்து ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

ஊரின் பெயர் சினிசி. விமான நிலையமே இந்த ஊரின் எல்லைக்குள்தான் வருகிறது. கோர்சோ உம்பெர்த்தோ என்ற ஒரே நேர்க்கோட்டுத் தெரு. மேல் முனையில் பழைய மடாலயம், அதுதான் இன்றைய நகராட்சி அலுவலகம். அதற்குப் பின்னால் மலை சுவர்போல எழும்பி நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. காப்பிக் கடை ஒன்றின் வாசலில் மட்டும் நாற்காலி போட்டு நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பால்கனிகளில் துணி காய்ந்தது. இவ்வளவு சாதுவான தெருவிலிருந்தா ஒருவன் அமெரிக்கா வரைக்கும் ஹெராயின் அனுப்பினான் என்று மலைப்பாக இருந்தது.

கயெத்தானோ பதலமென்தி அவன் பெயர். 1970களில் சிசிலி மாஃபியாவின் தலைமைக் குழுவுக்கே தலைவனாக இருந்தவன். கோர்லியோனே ஊர்க் கும்பல் தலையெடுத்து அவனை விரட்டிய பிறகும் வியாபாரத்தை விடவில்லை. சிசிலியில் காய்ச்சிய ஹெராயின் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், அமெரிக்க நகரங்களில் பீட்சா கடைகள் வழியாக விலைபோனது. 1975 முதல் 1984 வரை அந்த வலையில் புரண்ட சரக்கின் மதிப்பு குறைந்தது 160 கோடி டாலர் என்றார்கள் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள். 1984இல் மாட்ரிட் நகரில் பிடிபட்டான். நியூயார்க்கில் வழக்கு 1985இல் தொடங்கி 1987 வரை இழுத்தது. முடிவில் 45 ஆண்டு சிறை.

இதெல்லாம் உலகம் அறிந்த கதை. அவன் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, அதே தெருவில், இம்பஸ்தாத்தோ குடும்பத்தின் வீடு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நூறு காலடி தூரம் என்பது ஊர் வழக்கு. 2000இல் வந்த ஒரு இத்தாலியப் படம் அந்தத் தூரத்தையே தலைப்பாக வைத்துக்கொண்டது. நானும் நடந்து பார்த்தேன். காப்பிக் கடைப் பெரியவர் ஒருவரின் கண் என்னோடு கூடவே வந்தது. நடை தொடங்கிய வேகத்திலேயே முடிந்துபோனது. இம்பஸ்தாத்தோ குடும்பம் பால் வாங்கப் போனாலும், பூசைக்குப் போனாலும் பதலமென்தியின் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். மாஃபியா என்றால் எங்கோ மறைந்திருக்கும் கூட்டம் என்ற என் நினைப்பு அங்கே உடைந்தது. அது தினமும் வணக்கம் சொல்லியாக வேண்டிய அண்டை வீடு.

1948இல் பிறந்த பெப்பீனோ இம்பஸ்தாத்தோவுக்கு அது அண்டை வீடு மட்டுமல்ல, உறவு வட்டமும்கூட. அப்பா லூயீஜி அந்தக் கூட்டத்தோடு ஒட்டி வாழ்ந்தவர். அத்தையைக் கட்டியவர் சேசரே மன்சேல்லா, சினிசியின் அன்றைய தாதா. 1963 ஏப்ரலில் மன்சேல்லாவை எதிர்க் கும்பல் கார் குண்டு வைத்துச் சிதறடித்தது. பெப்பீனோவுக்கு அப்போது வயது 15. மாமாவின் இடத்துக்கு வந்தவன்தான் பதலமென்தி. அந்த வயதில் பயந்து ஒடுங்குகிறவர்கள் உண்டு, பழிவாங்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. பெப்பீனோ பத்திரிகை நடத்தப் போனார். மாஃபியாவை மலக் குவியல் என்று அச்சடித்து ஊருக்குள் விற்றார். அப்பா வீட்டை விட்டுத் துரத்தினார். அப்பா வெளியே போன நேரம் பார்த்து அம்மா ஃபெலீச்சா மகனை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார்.

விமான நிலையத்தின் புதிய ஓடுபாதைக்காக நிலம் பறிபோன விவசாயிகளோடு நின்றார் பெப்பீனோ. 1977இல் பக்கத்து ஊரான தெர்ரசீனியில் நண்பர்களோடு சேர்ந்து ரேடியோ அவுட் என்ற சிறு வானொலியைத் தொடங்கினார். அதில் அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பதலமென்திக்குச் செவ்விந்தியத் தலைவர் ஒருவரின் பெயரைத் திரித்துப் பட்டப்பெயர் வைத்தார். சினிசியை மாஃபியாபுரி ஆக்கினார். யார் எந்த டெண்டரை எடுத்தார்கள், நகராட்சி யாருக்கு வளைந்து கொடுத்தது என்பதையெல்லாம் நாடகமாக்கி, பாட்டுப் போட்டு, கிண்டலடித்து ஒலிபரப்பினார். போலீஸ் தேடுவதைத் தாங்கிக்கொள்ளும் தாதாவால், தன் தெருவே தன்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்க முடியாது. பயம் போய்விட்டால் அவனுக்கு மாமூலும் வராது, மரியாதையும் வராது.

அப்பா 1977இல் கார் மோதி இறந்தார். மகனுக்கு இருந்த கடைசிக் காப்பும் போயிற்று. 1978 மே 8 இரவு பெப்பீனோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரயில் பாதை ஓரத்தில் பாழடைந்த கல்வீடு ஒன்று. அங்கே அடித்து, தண்டவாளத்தில் கிடத்தி, வெடி வைத்தார்கள். குண்டு வைக்கப் போன தீவிரவாதி தானே செத்தான், இல்லையென்றால் தற்கொலை என்று அதிகாரிகள் கோப்பை மூடப் பார்த்தார்கள். முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவின் சடலம் ரோமில் கிடைத்ததும் மறுநாள், மே 9இல்தான். நாடே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நண்பர்கள் வயலில் இறங்கி, உடலின் துண்டுகளைப் பிளாஸ்டிக் பைகளில் சேகரித்தார்கள். கல்வீட்டுக்குள் ரத்தக் கறை படிந்த கற்களைக் கண்டெடுத்தவர்களும் அவர்கள்தான். அடுத்த சில நாட்களில் நகராட்சித் தேர்தல் நடந்தது. வேட்பாளராக நின்றிருந்த பெப்பீனோவுக்கு, இறந்த பிறகும் ஊர் வாக்களித்து உறுப்பினராக்கியது.

இம்பஸ்தாத்தோ வீடு இப்போது நினைவு இல்லம். தெருவிலிருந்து நேராக உள்ளே நுழையலாம். சுவர் முழுக்கப் புகைப்படங்கள்: மைக் பிடித்த தாடிக்காரப் பையன், ஊர்வலங்கள், கறுப்புடுத்திய அம்மா. சுற்றிக் காட்டிய இளம்பெண் முதலில் காட்டியது வாசல் கதவைத்தான். “பகலில் இதைச் சாத்தக்கூடாது என்பது ஃபெலீச்சா அம்மா சொல்லிவிட்டுப் போனது” என்றார். மகனைக் கொன்றவர்கள் பெயரைத் தாய் வாயில் எடுக்கக்கூடாது, துக்கத்தை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும் என்பதே அங்கத்திய வழக்கம். அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் வந்து, பழிக்குப் பழி தீர்க்கிறோம் என்றார்கள். ஃபெலீச்சா மறுத்துவிட்டார். என் மகன் உங்கள் ஆள் அல்ல என்பது அவர் வாதம். இளைய மகன் ஜொவானியோடு நீதிமன்றத்துக்குப் போனார். வாசலில் வந்து நின்ற பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் உள்ளே உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார், கால் நூற்றாண்டுக்கு மேலாக. ஃபால்கோனேவுக்கு ஊர்வலம் போகிறவர்கள் இந்தத் தாய்க்கும் அதே இடத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சாட்சி சொல்லப் போகும்போது அவருக்கு எண்பது கடந்திருந்தது. அமெரிக்கச் சிறையிலிருந்து காணொளியில் தெரிந்த பதலமென்தியைக் கைநீட்டி அடையாளம் காட்டினார். 2002 ஏப்ரலில் அவனுக்கு ஆயுள் தண்டனை. 2004 ஏப்ரலில் அவன் சிறையிலேயே செத்தான். அதே ஆண்டு டிசம்பரில் ஃபெலீச்சா காலமானார். பதலமென்தியின் வீட்டை அரசு பறிமுதல் செய்து, பெப்பீனோ பெயரில் இயங்கும் சங்கத்திடம் கொடுத்துவிட்டது.

பலெர்மோ கடைகளில் தொப்பியும் துப்பாக்கியும் வைத்த மாஃபியாக்காரன் பொம்மைகளைச் சுற்றுலாப் பயணிகள் ஆசையாக வாங்குகிறார்கள். பார்க்கவே வயிறு எரிந்தது. சிசிலி போகிறவர்கள் சினிசிக்கு ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். மே மாதமாக இருந்தால் 9ஆம் தேதியை ஒட்டிப் போங்கள். பழைய ரேடியோ அவுட் இருந்த தெர்ரசீனியிலிருந்து பெப்பீனோவின் வீடு வரைக்கும் அன்று ஊர்வலம் வரும். அதில் யாரும் கலந்துகொள்ளலாம்.