முதல் வில்லுக்கு ரெண்டு குடம்

“ஒரு வில்லு வாங்கணும், கூட வாரீரா?” என்று நண்பர் போனில் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவர் பள்ளிக்கூட வாத்தியார். இந்தக் காலத்துப் பையன்கள் விசை வைத்த குறுக்குவில்லை யூடியூபில் பார்த்துவிட்டு ஆன்லைனில் தேடுகிறார்கள். அப்படி ஏதோ ஒரு வம்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன்.

“ஓய், அந்த வில்லு இல்ல. கோயில் கொடைக்கு வைக்கிய வில்லு” என்றார்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்காக இவர் பிள்ளைகளை வைத்து ஒரு வில்லுப்பாட்டுக் குழு சேர்த்திருந்தார். பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றிப் பாட்டு. பாடிய வில், பிவிசி குழாயை வளைத்து ஜிகினாத் தாள் சுற்றியது. அந்த வேடிக்கையை நடுவர்கள் கவனிக்கவில்லை. முன்பாட்டுப் பாடிய பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் ஊர் முத்தாரம்மன் கோயில் பெரியவர் ஒருவர், “ஆடிக் கொடையில ஒரு மணிக்கூர் பாடுவியா மக்ளே?” என்று கேட்டுவிட்டார். பாட்டு இருக்கிறது, குரல் இருக்கிறது, வில் இல்லை.

“எங்க வில்லு பேசாது மாமா, கீபோர்டுதான் பேசும்” என்றாள் அவள்.

நாகர்கோவிலில் இசைக்கருவிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கிட்டார், தபேலா, கீபோர்டு எல்லாம் கண்ணாடிக்குள் மின்னுகின்றன. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார். அவருக்காகக் காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுதிக் கொடுத்த சுப்பு ஆறுமுகம் 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். இத்தனை பெயர் வாங்கிய கருவி அதன் சொந்த ஊரில் ஒரு கடையிலும் கிடையாது. ஒரு கடைக்காரர் மட்டும் “ஆர்டர் குடுத்தா வரும்” என்றார். எங்கிருந்து வரும் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

கடையில் இல்லாததன் காரணம் சுசீந்திரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் குடம் அடித்தவர். இந்தப் பக்கத்தில் பாடுகிறவரைப் புலவர் என்றோ அண்ணாவி என்றோ அழைப்பார்கள். குடம் அடிக்கிறவருக்கு அப்படிப் பட்டம் ஒன்றும் கிடையாது. ஊரில் அவர் வெறும் ‘குடக்காரர்’.

வில் பரணில் கிடந்தது, பழைய வேட்டியில் சுற்றி. நானும் வாத்தியாருமாக இறக்கினோம். ஒன்பதடி நீளம். பனையின் வைரத்தில் செதுக்கிய கதிர், நடுவில் தடித்து நுனிகளில் மெலிந்து, இரண்டு முனையிலும் வெண்கலக் குப்பி. அதைக் ‘கதிர்’ என்று சொல்வதே அழகாக இருக்கிறது. மணிகளை அவிழ்த்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். எண்ணினேன், பதினொன்று. நாண் இல்லை.

“நாணு எங்க பாட்டா?”

“எலி தின்னுட்டு.”

மாட்டுத் தோலை முறுக்கிச் செய்த நாண் அது. நைலான் கயிறும் கட்டலாம், மழைக்குத் தளராது, இப்போது பல செட்டில் அதுதான் என்றார். ஆனால் தோல் நாணில் வீசுகோல் விழுந்தால் வரும் அதிர்வு மணிகளுக்குப் போய்ச் சேரும் விதம் வேறாம். தச்சர் செதுக்கிய கதிர், கன்னார் வார்த்த மணி, தோல் வேலைக்காரர் முறுக்கிய நாண், குயவர் சுட்ட குடம். இவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று கும்பிட விடாத கோயில்களிலும் இந்தக் கருவி சாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறது. கடையில் இல்லாததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. இது ஒருவர் செய்து ஒருவர் விற்கிற சாமானே அல்ல. நாலு தெருவில் போய்ச் சேகரித்துச் சேர்த்துக் கட்டுவது.

பனைவைரத்தை எப்படி வளைப்பார்கள் என்று கேட்டேன். எண்ணெய், சூடு, முட்டுக்கட்டை, நாள்கணக்கு என்று கால் மணி நேரம் விளக்கினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புரிந்தது, வளைக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கம் இப்போது இல்லை என்பதும் மரம் கிடைப்பதும் லேசில்லை என்பதும்தான். பனை மாநில மரம். அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். செங்கல் சூளைக்கு எத்தனை பனை போயிருக்கிறது என்பது தெற்கே எல்லோருக்கும் தெரியும். இதனாலெல்லாம் இப்போது உலோகக் குழாயிலும் வில் செய்கிறார்கள். புதிதாகப் படிக்கிறவருக்கு அதுவும் மோசமில்லை, உளுக்காது, கோணாது என்று பாட்டாவே சொன்னார்.

எங்களோடு வந்திருந்த அந்தப் பெண் நுனிவிரலால் கதிரைத் தடவிக்கொண்டே, “இத எங்களுக்குத் தருவீயளா பாட்டா?” என்றாள்.

“அது கெடக்கு. மொதல்ல போயி ஒரு குடம் வாங்கிட்டு வா. ஒண்ணு இல்ல, ரெண்டு.”

வில் வாங்க வந்தவர்களை மண்பானை வாங்க அனுப்புகிறாரே என்று எனக்கு எரிச்சல். அவர் சொன்னார்: “வில்லு மட்டும் தரையில கெடந்தா அது வளஞ்ச கம்பு. குடத்துக் கழுத்துல கெட்டினாத்தான் வில்லு.”

பிரேசிலில் பெரிம்பாவ் என்று ஒரு கருவி உண்டு. அதுவும் வில்தான், கம்பி நாண், குச்சியால் அடிப்பார்கள். அந்த வில்லின் அடியில் ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டியிருப்பார்கள். குடுக்கையை அவிழ்த்துவிட்டால் சத்தம் செத்துவிடும். பாட்டாவுக்கு பிரேசில் தெரியாது. போனில் ஒரு படம் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “கொள்ளாம், அவனுக்கும் வெவரம் இருக்கு” என்றார்.

அவரையும் ஏற்றிக்கொண்டு சுங்கான்கடைக்குப் போனோம். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகிற சாலையில், ரோட்டோரம் பொங்கல் பானையும் பூந்தொட்டியும் அடுக்கி வைத்திருக்கும் ஊர். முன்வரிசையில் பெயின்ட் அடித்த யானையும் தண்ணீர்ப் பாட்டிலும்தான் இருந்தன. “வில்லுக் குடம்” என்றதும் கடையிலிருந்த அம்மா எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே வைக்கோல்மேல் எட்டுக் குடங்கள்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் பாட்டா செய்ததை ஒரு வைத்தியரிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முதலில் குடத்தைத் தொடவில்லை, சுற்றி நடந்தார். பிறகு ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே தூக்கி, வாய் வழியாக உள்ளே பார்த்தார். உள்ளே ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தால் அது தள்ளுபடி. அடுத்து கையிலிருந்த பழைய வெண்கல வளையத்தால் வயிற்றில் மெதுவாகத் தட்டினார், மேலே, நடுவே, அடியில். மூன்று இடத்திலும் மூன்று சத்தம் வரலாம். ஆனால் எந்தச் சத்தமும் பாதியில் அறுந்து நிற்கக் கூடாது. அறுந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். மந்தமாக ஒலித்தால் வேக்காடு போதாது.

கடைசியில்தான் வாய். மடியிலிருந்து கமுகம்பாளையில் வெட்டிய விசிறி போன்ற பத்தியை எடுத்துக் குடத்தின் வாயில் ஓர் அடி. ‘கும்’ என்று ஒரு சத்தம் வந்தது. காதுக்கு வருமுன் அது நெஞ்சுக்கு வந்துவிட்டது. உள்ளே அடைபட்ட காற்று நசுங்கி மீள்கிற சத்தம் அது. வயிறு பெருத்து வாய் சிறுத்தால் ஒலி கனக்கும், வாய் அகன்றால் மெலிந்துபோகும். பாட்டா இதை ஒரே வரியில் முடித்தார்: “வாய் பெருத்தவன் சொல்லும், வாய் பெருத்த குடமும் நிக்காது.”

மானாமதுரைக் கடத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அது விரலுக்குப் பழகிய கருவி, கனமானது, கச்சேரி மேடைக்கு உரியது. வில்லுக் குடத்தின் பாடு வேறு. கொடை தொடங்கும் குடியழைப்பு இரவிலிருந்து வாழி பாடி முடிக்கும்வரை இரண்டு மூன்று நாள் அது அடி தாங்க வேண்டும். வில்லின் பாரம் கழுத்தில், பத்தியின் அடி வாயில், வளையத்தின் அடி வயிற்றில். அடியில் ஒரு வைக்கோல் பிரிமனை மட்டும்தான் அதற்கு மெத்தை. சுடலைமாடன் கதையில் மயானம் வருகிற இடத்தில் பாட்டு வேகமெடுப்பதில்லை, குடம்தான் எடுக்கிறது. சாமியாடியின் கால் அதைத்தான் கேட்கும் என்று பாட்டா சொன்னார். “புலவர் வார்த்தைய சொல்லுவாரு. சாமிய எழுப்புகது நாங்க.” சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காக வெட்கப்பட்டதுபோலக் குடத்தைத் திருப்பி வைத்தார்.

எட்டில் இரண்டு தேறின. விலை கேட்டதும் வாத்தியார், “இப்ப ஒண்ணு போதும்” என்றார். பாட்டா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மாவிடம் களிமண்ணைப் பற்றிக் கேட்டேன். குளத்து மண்ணுக்கு முன்பெல்லாம் மேலே வரை அலைய வேண்டும், 2024-க்குப் பிறகு தாசில்தாரிடமே அனுமதி வாங்கலாம் என்று ஆகியிருக்கிறது. “மண்ணு கெடைக்கி அண்ணாச்சி. மிதிக்க ஆளுதான் இல்ல” என்றார். அவர் மகன் கேரளத்தில் டைல்ஸ் ஒட்டுகிறான்.

திரும்பும் வழியில் ஒரு சாயாக்கடையில்தான் பாட்டா தன் கதையைச் சொன்னார். பத்து வயதில் ஜால்ரா தட்டப் போனவர். அந்தக் காலத்தில் பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை வீட்டில் படுப்பது கிடையாது. வள்ளியூர், திசையன்விளை, உடன்குடி என்று கிழக்கே போவார்கள். மேற்கே நெய்யாற்றின்கரை வரை. 1956-க்கு முன் நெய்யாற்றின்கரையும் எங்கள் பக்கமும் ஒரே மாநிலம்தானே. எல்லை மாறினாலும் மாடனும் இசக்கியும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறார்கள். கேரளப் பக்கம் இதற்கு வில்லடிச்சான் பாட்டு என்று பெயர். பெண்கள் வில்லின் முன்னே உட்கார்ந்தபோது ஊர் முகம் சுளித்ததையும், கொட்டாரத்துப் பூங்கனி பாடத் தொடங்கியபின் அதே ஊர் விடிய விடிய உட்கார்ந்ததையும் சொன்னார். பூங்கனி 2018-இல் மறைந்தார். கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்த எளிய வாழ்க்கையைப் பற்றி அப்போது பத்திரிகைகள் எழுதின.

“நீங்க ஏன் பாட்டா நிறுத்தினீயோ?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“நான் நிறுத்தல மக்ளே. கூப்பிடது நின்னுட்டு.”

அதன் பிறகு அவர் சொன்ன கணக்கில்தான் எனக்குக் கோபம் வந்தது. முன்பு ஊர்க்காரர்கள் புலவர் வீட்டுக்கு வந்து வெற்றிலை வைத்து அழைப்பார்கள். இப்போது இடையில் ஒருவர். அவருக்கு வில்லுப்பாட்டும் தெரியாது, சாமியும் தெரியாது. அவரிடம் இருப்பது போன் நம்பர்கள். கோயில் கமிட்டியிடம் ஒரு தொகை பேசுகிறார், கலைஞர்களுக்கு வேறொரு தொகை சொல்கிறார், நடுவில் இருப்பது எவ்வளவு என்பது இரு பக்கத்துக்கும் தெரியாது. கமிட்டியும் புண்ணியவான்கள் அல்ல. சீரியல் லைட்டுக்கும் செண்டை மேளத்துக்கும் வாணவெடிக்கும் கேட்டதைக் கொடுக்கிறவர்கள், ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடுகிற ஆறு பேரிடம் வந்ததும் நோட்டை எண்ணத் தொடங்குகிறார்கள். மைக் செட்டுக்காரர் வாங்குவதில் பாதிதான் தன் செட்டுக்கு மொத்தமாகக் கிடைத்தது என்றார் பாட்டா. அந்தப் பாதியை ஆறாகப் பிரி. வேன் வாடகையைக் கழி. குடம் உடைந்தால் அதையும் கழி. வில்லில் பாடுகிற தோட்டுக்காரியும் முத்துப்பட்டனும் யாருடைய கதைகள்? அநியாயத்தால் செத்தவர்களின் கதைகள். அதைக் கண்ணீர் விட்டுக் கேட்டுவிட்டு, பாடியவர் கூலியில் கை வைக்கிற ஊர்களை என்ன சொல்வது? அந்தத் தரகன் கையில் ஒரு நாள் இந்தப் பத்தியைக் கொடுத்து...

“ஓய், சாயா ஆறுது” என்றார் வாத்தியார். பாட்டா சிரித்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கை அவர் என்னைவிட அதிகத் தடவை போட்டவர், அதனால் சூடு ஆறியிருந்தது.

உடுக்கைக்கும் கட்டைக்கும் ஜால்ராவுக்கும் அதிக நேரம் ஆகவில்லை. உடுக்கை பழையது ஒன்று வாத்தியாரின் உறவுக்காரர் வீட்டில் இருந்தது, தோல் மட்டும் மாற்ற வேண்டும். வீசுகோல் விஷயத்தில் பாட்டா ஒன்று சொன்னார். கனமானதைப் பார்த்து ஆசைப்படாதே. ராத்திரி முழுக்க எறிந்து பிடிக்கிற கோல், முதல் மணிக்கூரில் கையில் இருப்பதே தெரியக் கூடாது. அவள் இரண்டு மூன்றைத் தூக்கிப் பார்த்து லேசான ஜோடியை எடுத்தாள். ஒரு தடவை எறிந்தாள். அது என் காலில் விழுந்தது.

பாட்டாவின் திண்ணைக்குத் திரும்பியதும் பிரிமனை போட்டுக் குடத்தை வைத்து, கழுத்தில் வில்லைக் கட்டினோம். நாணுக்குத் தற்காலிகமாக நைலான். நடுவில் பெரிய மணி, ஓரத்துக்குப் போகப்போகச் சின்னது. அவள் உட்கார்ந்து நாணில் ஓர் அடி அடித்தாள். பதினொரு மணியும் சேர்ந்து சிலிர்த்தன. இடப்பக்கம் குடத்தருகே பாட்டா உட்கார்ந்தார். யாரும் அழைக்கவில்லை. அவர் ‘கும்’ என்றதும் அடுத்த அடியை எங்கே போடுவதென்று அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் அரை மணி நேரம் எழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்து வேலியோரம் நின்றன.

வில்லுக்கு அவர் கேட்ட விலை கம்மி. வாத்தியார் கூட்டிக் கொடுத்தார். அதற்கும் இதற்குமாகக் கொஞ்சம் இழுபறி நடந்தது, அதைத் தள்ளிவிடலாம்.

ஒன்பதடி வில்லைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. லோடு ஆட்டோ பிடித்து, வில்லைக் குறுக்கே சாய்த்து, குடத்தை வைக்கோலில் பொதிந்து, அதைப் பிடித்துக்கொள்ள என்னையும் பின்னால் உட்கார வைத்தார்கள். சுசீந்திரம் பாலம் தாண்டி ஒரு பள்ளம். பள்ளத்தில் மணிகள் எல்லாம் ஒருசேரக் குலுங்கின. நான் வில்லைப் பிடித்தேன். பிடித்திருக்க வேண்டியது குடத்தை.

வாத்தியார் வீட்டில் இறக்கியபோது பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் வளையத்தால் வயிற்றில் தட்டினாள். சத்தம் பாதியில் அறுந்தது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சுங்கான்கடை. எங்களைக் கண்டதும் அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் பின்கட்டுக்குப் போய், சாக்கில் சுற்றித் தனியே வைத்திருந்த அந்த இரண்டாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அண்ணைக்கே எடுத்து மாத்தி வச்சிட்டேன். அவிய எப்பவும் ரெண்டுதான் வாங்குவாவ.”