விட்டுப்போன எண்

புதுப்பட்டினத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களின் பிள்ளைகளும் குப்பத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருவார்கள். வெகுகாலம் எனக்குப் பகா எண்கள்மீதுதான் மயக்கம். பகு எண்கள் என்றால் கொஞ்சம் இளப்பம், எதற்கும் வளைந்து கொடுப்பவை என்று. அந்த இளப்பம் போனது கடற்கரையில் மீனைப் பங்கு போடுவதைப் பார்த்துத்தான். 60 மீனை மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு பேருக்கு எனப் பல விதமாகப் பிரிக்கலாம். ஏழு பேர் வந்தால் தகராறு. 59 மீன் கிடைத்த அன்று எப்படியும் தகராறு.

தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைத்தான் ராமானுஜன் 1915-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். 12-க்கு 6 காரணிகள், 60-க்கு 12. அந்தக் கட்டுரைக்காகத்தான் மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது. அதிலுள்ள பட்டியல் 6746328388800 வரை போகிறது. 6,74,632 கோடிக்கும் மேல். கணினி இல்லாத காலம்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிற்று என்று படித்தபோது உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவர் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு பிழைக்கிறவன் நான். பெரியவர்கள் சறுக்கினால் நமக்கு ஏனோ ஓர் ஆறுதல்!

விட்டுப்போன எண் 293318625600. சந்தோஷத்தோடு சந்தோஷமாக அதைப் பிரித்துப் பார்த்தேன். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040. அந்த 5040-உம் இதே இனம்தான். அதற்கு 60 காரணிகள். பிளேட்டோ தன் கற்பனை நகரத்துக்கு 5040 குடிகள் போதும் என்றதும் பங்கு பிரிக்கும் வசதிக்காகவே.

பிறகு ராமானுஜனின் கடைசி எண்ணைப் பிரித்தேன். அதே பகாக் காரணிகள், கூடுதலாக ஒரு 23. அவ்வளவுதான். விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் அவருடைய பட்டியலின் கடைசி எண்! கைக்கெட்டிய இடத்தில் இருந்ததை எழுதாமல் விட்டிருக்கிறார். என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. பதிலுக்கு அவர்மேல் ஒரு நெருக்கம் வந்தது.

பிள்ளைகளிடம் பலகையில் இதைப் போட்டுக் காட்டினேன். 23 சேர்ந்ததும் காரணிகள் இரட்டித்து 10080 ஆவதைக் கண்டு குப்பத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்போ அடுத்து 29-ஆல பெருக்கினா, சார்?"

பெருக்கினோம். 195643523275200, காரணிகள் 20160. அதுவும் அந்த இனம்தான்.