பழனிச் சாலையில் பூமிதானம்

1956ஆம் வருஷம் வினோபா பாவே நமது ராஜ்யத்தில் பூமிதான யாத்திரை செய்துகொண்டிருந்தபோது, மதுரை ஜில்லாவில் பழனியை நோக்கிச் சென்ற அந்தக் கூட்டத்தோடு நானும் சில நாட்கள் நடந்தேன். பஸ்ஸில் பல தடவை கடந்த பிரதேசந்தான். ஆயினும் பஸ்ஸில் போகிறவனுக்கு ஊர்ப் பெயர்கள் தெரியுமேயன்றி, எந்தக் கிணறு வற்றிக் கிடக்கிறது, எந்த வயலில் களை எடுக்கிறவர்களுக்கு ஒரு குழி நிலமும் சொந்தமில்லை என்ற விஷயங்கள் புலப்படமாட்டா.

விடியலுக்கு வெகு முன்பே புறப்பாடு. லாந்தர் ஏந்திய தொண்டர் ஒருவர் முன்னே செல்ல, அறுபத்தொரு பிராயமும் வயிற்றுப் புண்ணால் மெலிந்த தேகமும் உடைய அந்தப் பெரியவர் விடுவிடுவென்று போகும் போக்குக்கு ஈடுகொடுக்க மாட்டாமல், வாலிபர்கள் பாதி ஓட்டமாகத் தொடர்வார்கள். செருப்புக்குள் புகுந்த சரளையை உதறி எடுப்பதற்குள் லாந்தர் அடுத்த புளியமரத்தைத் தாண்டிவிடும்.

1951 ஏப்ரலில் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற குடிகள் எண்பது ஏக்கர் கேட்க, ராமச்சந்திர ரெட்டி என்பவர் நூறு ஏக்கர் அளிக்க முன்வந்ததில் பிறந்தது இந்தப் பூமிதான இயக்கம். ஐந்து புத்திரர்கள் உள்ள வீட்டில் தம்மை ஆறாவது பிள்ளையாகப் பாவித்து, நிலமற்றவர்களுக்காக நிலத்தில் ஒரு பாகம் தரும்படி வினோபா யாசித்தார். 1957க்குள் ஐந்து கோடி ஏக்கர் என்பது அவருடைய சங்கல்பம்.

ஒரு கிராமத்தில், தானபத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்காக மை தடவிய கட்டைவிரலைக் காகிதத்துக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, ஒரு முதிய சம்சாரி தொண்டரைக் கேட்டார்: “மேட்டுக் காட்டைக் குடுத்தா ஒத்துக்குவாகளா தம்பி, இல்லே கெணத்துப் பக்கந்தான் வேணுமா?”

“உங்க மனசுபோலக் குடுங்கய்யா” என்றார் தொண்டர்.

உத்தமமான பதில்தான், ஆனால் அந்த மனசுபோல வந்த தானங்களில் கல்லுங் கரம்புமாகக் கிடந்தவை கொஞ்சமல்ல. மனிதனுடைய தர்ம சிந்தனையை வினோபா நம்பிய அளவுக்கு, மண்ணின் குணத்தையும் கிணற்றின் ஆழத்தையும் அவருடைய பரிவாரம் விசாரிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

நவம்பரில், பழனியில், இயக்கத்தின் கமிட்டிகளைக் கலைத்துவிடுவதென்றும் இயக்கத்துக்கு உதவிவந்த காந்தி ஸ்மாரக நிதியின் பணத்தை இனி ஏற்பதில்லையென்றும் தீர்மானமாயிற்று. துறவிக்கு அழகான காரியம் என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்து, பங்கிட்டு, பட்டா மாற்றி, ஏழைக்கு ஒரு ஜோடி மாடும் விதையும் தேடிக்கொடுக்கும் வேலைகள் துறவியால் ஆகிறவை அல்லவே. அவற்றை இனி யார் பார்ப்பது என்று, கூலிக்கு உழுது பழகிய தொண்டர் ஒருவர் என்னிடம் கவலையோடு கேட்டார்.