வளப்பூர் நாட்டு மூடுபனியும் வரவேற்பறைச் சோபாவும்

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆகாய கங்கை அருவி என்பார்கள். அறப்பளீசுவரர் கோயில் என்பார்கள். தலைசுற்றல்காரர்களாயிருந்தால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். என்னைக் கேட்டால் நாற்காலித் துணியைப் பார்த்தேன் என்று சொல்வேன். சிரிக்காதீர்கள், அம்மணிகளே! தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுச் சோபாவுக்குப் புதுத் துணி போடலாம் என்று நினைத்திருக்கிறீர்கள் அல்லவா? கடைக்குப் போகுமுன் என்னோடு ஒரு நடை மலை ஏறி வாருங்கள்.

நாமக்கல்லில் பஸ் ஏறினால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக மலையடிவாரமான காரவள்ளி வருகிறது. அங்கிருந்து வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். இருபது வரையில் எண்ணுவீர்கள். அப்புறம் கண்ணை மூடிக் கொள்வீர்கள். சோளக்காட்டில் கண்ணைத் திறந்தால் கீழே இருந்த வெயில் எங்கே போயிற்று என்று தோன்றும். மலையின் மேல்தளம் கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மிளகுக் கொடி, காப்பிச் செடி, பலா, வாழை, அன்னாசி என்று வழி நெடுகப் பச்சைதான். இந்த மலையில் ஊர்களைத் தனித்தனியாகச் சொல்லாமல் நாடு நாடாகச் சொல்லும் வழக்கம் உண்டு. பதினான்கு நாடுகள், இன்று அவையே பதினான்கு ஊராட்சிகள். அவற்றில் ஒன்றுதான் வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோயிலும், அதற்குப் பக்கத்தில் ஐயாறு விழும் ஆகாய கங்கையும் இந்த நாட்டில்தான் இருக்கின்றன. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கிய படிகளையெல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும் என்பதை இறங்கும்போது யாரும் சொல்வதில்லை!

நான் போனது கார்த்திகை மாதம். விடிந்து வெகு நேரமாகியும் எதிரே வருகிற மனிதர் தெரியாது. பேச்சுக் குரல்தான் முதலில் வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொள்கிறது. உலர்த்திய புடவை மறுநாளும் உலரவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் துணியின் சுபாவம் சீக்கிரமே தெரிந்து போகிறது.

நாங்கள் தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். கூடத்தில் ஒரு பெரிய சோபா; கருஞ்சிவப்பு வெல்வெட்; விலை அதிகமாகத்தான் இருந்திருக்கும். பார்க்க ராஜ சபை மாதிரி இருந்தது. உட்கார்ந்ததும்தான் சமாசாரம் தெரிந்தது. குப்பென்று ஒரு பூஞ்சை வாடை! கைப்பிடிகளில் மயிர் உதிர்ந்து வழுக்கை விழுந்திருந்தது. முதுகுப் பக்கம் சாம்பல் பூத்தாற்போல் புள்ளி புள்ளியாய் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பழைய சாய்வு நாற்காலி ஒன்று. வெறும் கித்தான் துணி, நீலக் கோடு போட்டது. வெளுத்துப் போயிருந்தாலும் ஒரு புள்ளி இல்லை, ஒரு கிழிசல் இல்லை.

விடுதியைப் பார்த்துக் கொள்ளும் பெரியவரிடம், "இது எத்தனை நாளாக இருக்கிறது, ஐயா?" என்று கேட்டேன்.

"அது சோபாவுக்கு முன்னாலயே இருக்குதுங்க, அம்மா. மழை விட்டா ரெண்டு கட்டையையும் உருவிப்போட்டுத் துணியைத் தொவச்சு வெயில்ல போட்டுருவேனுங்க. அந்தப் பெரிசை எப்படிங்க தொவைக்கிறது?" என்றார்.

உழைக்கும் துணி எது என்ற விஷயத்தில் பாதியை அவர் அந்த ஒரு பேச்சில் சொல்லிவிட்டார். கழற்றித் துவைக்க முடிகிற துணிக்கு ஆயுள் அதிகம்.

மீதிப் பாதியை நான் சொல்கிறேன். பருத்தி, சணல், லினன் எல்லாம் செடியிலிருந்து வந்தவை. ஆகவே பூஞ்சைக்கு அவை சாப்பாடு. காற்றில் ஈரம் மிகுந்து, வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாமல் போனால் பூஞ்சை பிடிக்கும். பாலியெஸ்டர், அக்ரிலிக் போன்ற செயற்கை நூல்களை அது தின்னாது. ஆனால் அவற்றின் மேல் படிந்த எண்ணெயையும் அழுக்கையும் தின்னும்! தலையில் எண்ணெய் தடவிக் கொண்டு சோபாவில் சாய்கிற நம் வீடுகளில் இது சாமானிய விஷயமல்ல. வெல்வெட்டில் நிற்கும் மயிரிழைகளுக்கு நடுவே தூசியும் ஈரமும் தங்கிவிடுகின்றன. மலையிலும் கடற்கரையிலும் வீடு உள்ளவர்கள் வெல்வெட்டைக் கடையிலேயே ரசித்துவிட்டு வருவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

"அப்படியானால் ரெக்ஸின் போட்டுவிடலாமே, துடைத்தால் போயிற்று" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. துடைப்பது சுலபந்தான். ஆனால் அது காற்று விடாது. சித்திரை மாதத்தில் சென்னையிலோ திருச்சியிலோ அரை மணி அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்து பாருங்கள்; நாற்காலியும் கூடவே எழுந்து வரும். தோல் போலவே மெத்தென்று இருக்கும் மலிவான பாலியூரித்தேன் பூச்சுத் துணி இன்னும் மோசம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு உள்ளுக்குள் சிதைந்து, சில ஆண்டுகளில் பாம்புச் சட்டை போல் உரிய ஆரம்பிக்கிறது. உரிந்ததை ஒட்ட வழியே கிடையாது.

மலையிலிருந்து இறங்கி நாமக்கல் வந்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் கரூர். கரூருக்குப் போகாமல் துணிக் கதை பூர்த்தியாகாது. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மெத்தை உறை என்று வீட்டுக்கான துணிகளை நெய்து கப்பலேற்றுகிற ஊர் அது. அயல்நாட்டார் வீட்டு மேஜையிலும் கட்டிலிலும் விரிந்து கிடப்பது நம் அமராவதிக் கரையில் நெய்த துணியாக இருக்கும். நாமோ எங்கோ இருந்து வந்த பளபளப்பைத் தேடி அலைவோம்! கரூர் போக முடியாதவர்கள் சென்னிமலைத் துணிகளைப் பார்க்கலாம். திவானுக்கு விரிப்பதென்றால் பவானி ஜமக்காளத்துக்கு ஈடு கிடையாது. பாவு நூல் வெளியே தெரியாதபடி தடித்த ஊடை நூலை நெருக்கி அடித்து நெய்வதால், தேய்மானம் முழுவதையும் அந்த ஊடையே தாங்கிக் கொள்கிறது. 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கொடுத்தார்கள்.

சோபாத் துணிக்குக் கடைக்குப் போனால் முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள். நிறத்தைப் பார்த்தால் மனசு போய்விடும். அப்புறம் கடைக்காரர் சொன்னதுதான் விலை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். சல்லடை போல் வெளிச்சம் வந்தால் அது திரைச்சீலைக்கு ஆகும், உட்காருவதற்கு ஆகாது. இரண்டு கைகளாலும் குறுக்கு வாட்டில் இழுத்து விடுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இழைகள் விலகி நின்றால் தையல் விட்டுப் போகும். நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். இழை மேலே எழுந்து வந்தால், பூனையோ கைக்குழந்தையோ உள்ள வீட்டுக்கு அது லாயக்கில்லை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரும் அன்று அவர் வேஷ்டியிலும் ஒட்டும். எடையையும் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராமுக்குக் குறைந்த துணி தினசரி உபயோகத்துக்குப் பெரும்பாலும் மெல்லிசுதான்.

கடைக்காரர் "சுத்தப் பருத்தி" என்று சத்தியம் செய்தாலும் ஓர் இழையை உருவி வாங்கிக் கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து இடுக்கியில் பிடித்துப் பற்ற வையுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் கலந்திருப்பது குற்றமல்ல. பருத்தியின் குளிர்ச்சியும் பாலியெஸ்டரின் உழைப்பும் சேர்ந்த கலப்பு நெசவுதான் பல வீடுகளுக்குச் சரி. கலப்புக்குப் பருத்தி விலை கொடுப்பதுதான் குற்றம்.

பெரிய கடைகளில் "மார்ட்டிண்டேல்" என்று ஓர் எண் சொல்வார்கள். பயந்துவிடாதீர்கள். 1942-ல் இங்கிலாந்தில் மார்ட்டிண்டேல் என்பவர் விவரித்த உரசல் இயந்திரத்தின் பெயர் அது. துணித் துண்டைக் கம்பளித் துணியின் மேல் வைத்து, இழை அறுகிற வரையில் சுற்றிச் சுற்றித் தேய்க்கும். 20,000 சுற்றுத் தாங்கினால் சாதாரணக் குடும்பத்துக்குப் போதும். குழந்தைகள் சோபாவையே குதிரையாக்கி ஏறுகிற வீடா? 30,000-க்கு மேல் கேளுங்கள். சாயம் வெயில் தாங்குவதற்கும் 1 முதல் 8 வரை ஓர் அளவு உண்டு. ஜன்னலோரச் சோபாவுக்கு 5-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். இந்த எண்கள் ஈரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். வளப்பூர் நாட்டு வெல்வெட் தேய்ப்பதில் ஒருவேளை முதல் வகுப்பிலேயே தேறியிருக்கலாம்!

அளவு விஷயம். மூவர் உட்காரும் சோபாவுக்கு 54 அங்குல அகலத் துணி ஏறக்குறைய 10 முதல் 12 மீட்டர் பிடிக்கும். பெரிய பூவோ கட்டமோ போட்டதென்றால் பூவுக்குப் பூ சேர்க்கக் கூடுதலாக வேண்டும். இதனாலேயே விலை குறைந்த பூத்துணி, விலை கூடின வெறுந்துணியைவிட அதிகச் செலவு வைத்துவிடும். பருத்தித் துணியானால் வெட்டுமுன் ஒரு தரம் நனைத்து உலர்த்தச் சொல்லுங்கள். தைத்த பிறகு முதல் சலவையில் சுருங்கினால், உறைக்குள் மெத்தையைத் திணிக்க வீட்டு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

தைப்பவரிடம் மெத்தை உறைக்குப் பின்புறம் ஜிப் வைக்கச் சொல்லுங்கள். "ஆணி அடித்துவிட்டால் அழகாக இருக்கும்" என்பார். விட்டுக் கொடுக்காதீர்கள். அப்படியே அரை மீட்டர் துணி மிச்சம் வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். முதலில் தேய்வது கைப்பிடிதான். அந்த நிறம் மறு வருஷம் கடையில் கிடைக்காது.