யுஎஸ்பி டிரைவரும் அதன் கியூவும்

யுஎஸ்பி இணைப்பில் முதலில் கேட்பது எப்போதும் கணினிதான். செருகிய கருவி தானாக ஒரு பைட்கூட அனுப்ப முடியாது. கணினி கேட்கும்போது கொடுக்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் 'நாக்' என்று பதில் சொல்ல வேண்டும். யுஎஸ்பி 2.0-இன் உயர் வேகத்தில் 125 மைக்ரோநொடிக்குள் 512 பைட் பல்க் பாக்கெட்டுகள் 13 வரை போக இடமுண்டு. கேட்ட பிறகு தரவைத் தேடினால் அந்த இடம் வீணாகும். ஆகவே கருவிப் பக்கத்து டிரைவர், எண்ட்பாயிண்ட் எனப்படும் தரவு முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு கியூ வைத்துக்கொள்கிறது.

1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து நூற்பாலைகளோடு வளர்ந்த ராஜபாளையத்துக்கு, இப்படி முன்கூட்டியே தயாராக வைப்பது பழகிய ஏற்பாடு. சிம்ப்ளெக்ஸ் இயந்திரத்தின் பின்னால் ஒரு கேன் தீரும் நேரத்தில் அடுத்த ஸ்லைவர் கேன் தயாராக நிற்காவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். கியூவிலும் ஒரே ரிக்வெஸ்ட், அதாவது ஒரே கோரிக்கை, போதாது. இரண்டாவது முன்பே காத்திருக்க வேண்டும்.

லினக்ஸில் ரிக்வெஸ்ட் என்பது பஃபரின் முகவரி, நீளம், முடிந்ததும் அழைக்க வேண்டிய ஃபங்ஷன் ஆகியவற்றின் தொகுப்பு. அதைக் கியூவின் வாலில் சேர்ப்பது எளிது. திருப்பிக் கொடுப்பதுதான் கடினம். அந்த ஃபங்ஷன் பெரும்பாலும் அடுத்த ரிக்வெஸ்டை உடனே கியூவில் போடும். கியூவைக் காக்கும் லாக்கை டிரைவர் பிடித்தபடியே அதை அழைத்தால், அதே லாக்குக்காகக் காத்து எல்லாம் உறைந்துபோகும். ரிக்வெஸ்டை முதலில் கியூவிலிருந்து எடுத்து, லாக்கை விட்டு, அழைத்து, மறுபடி பிடிக்க வேண்டும். அதற்குள் கியூ மாறியிருக்கலாம். பழைய பாயிண்டரை நம்பாமல் தலையிலிருந்தே பார்ப்பது நல்லது.

கேபிளைப் பிடுங்கினால் காத்திருக்கும் ரிக்வெஸ்டுகள் அனைத்தும் 'ஈ-ஷட்டவுன்' பிழையோடு திரும்ப வேண்டும். இடையில் ரத்து செய்தது 'ஈ-கனெக்ட்-ரீசெட்' என்று திரும்பும். ஹார்ட்வேர் இன்னும் அந்த பஃபரைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதை நிறுத்திய பிறகே திருப்ப வேண்டும். இல்லையேல் வேறு யாருடைய நினைவகத்திலோ தரவு போய் விழும். ஒன்றைத் திருப்ப மறந்தால் மேலுள்ள நிரல் ஓயாமல் காத்திருக்கும். ஒன்றை இருமுறை திருப்பினால் கெர்னலே விழலாம். நல்ல டிரைவரை இங்கேதான் அடையாளம் காண முடியும்.

அனுப்பும் நீளம் 512-இன் மடங்காக அமைந்தால், முடிவைக் காட்ட நீளமற்ற ஒரு பாக்கெட் தேவைப்படலாம். ரிக்வெஸ்டில் அதற்கென்றே 'ஜீரோ' என்ற குறி உண்டு.

இதைக் கற்கத் தனி போர்டு கட்டாயமில்லை. லினக்ஸ் கெர்னலில் உள்ள 'டம்மி எச்சிடி' கணினிப் பக்கம், கருவிப் பக்கம் இரண்டையும் மென்பொருளிலேயே நடித்துக் காட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டே அந்த நிரலைத் திறந்து, கியூ நகர்வதை வரிவரியாகப் படிக்கத் தொடங்கலாம்.