ஒரே நாள்ல பல்லா?

எங்க அத்தைக்குத் தாடையில பல் இம்ப்ளான்ட் திருகு இறக்க ஒரு மணி நேரம்கூட ஆகலை. மரத்துப்போற ஊசி போட்டதால வலி இல்லை, டிரில் ஓடுற அதிர்வுதான் காது வரைக்கும் வந்துச்சாம். ரெண்டு மூணு நாள் வீக்கம், ஐஸ் ஒத்தடம், குழைஞ்ச ரசம் சாதம். அவ்வளவுதான்.

அப்புறம்தான் காத்திருப்பு. அந்த டைட்டானியத் திருகோட எலும்பு வளர்ந்து இறுகணும். முயல் எலும்புல பொருத்தின டைட்டானியக் கருவி கழட்டவே வராததைப் பார்த்து இதைக் கண்டுபிடிச்சவர் ஸ்வீடன்காரர் பிரோனமார்க். 1965-ல முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வெச்சார். கீழ்த்தாடைக்குப் பொதுவா 3, 4 மாசம். மேல்தாடை எலும்பு மெத்துன்னு இருக்கறதால 6 மாசம்கூட இழுக்கும். எலும்பு தேஞ்சிருந்து எலும்பு ஒட்டு (கிராஃப்ட்) வைக்கணும்னா இன்னும் சில மாசம் கூடும். கடைசியா அளவெடுத்து திருகு மேல பல் மாட்டறது சில வார வேலை.

"ஒரே நாளில் பல்"னு போர்டு பார்த்துட்டு அத்தை கோவிச்சுக்கிட்டாங்க. அன்னிக்கே மாட்டறது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான். முறுக்கெல்லாம் அதுல கடிக்க முடியாது. எலும்பு இறுக அப்பவும் அதே மாசக்கணக்குதான்.

எலும்பு இறுகறதைக் கெடுக்கற சர்க்கரையையும் கட்டுப்படுத்தாம, சிகரெட்டையும் விடாம, "ஏன் ஒட்டலை"னு டாக்டர்கிட்ட சண்டைக்குப் போறவங்களை என்ன சொல்ல!