முள் சொன்ன கணக்கு

கருவி காட்டுவதை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். வேகமானியின் முள் நாற்பதில் நின்றால், வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் அந்த முள் சாலையை அறியாது. வண்டியின் அடியில் சுழலும் ஒரு தண்டின் சுழற்சியை மட்டுமே அது அறியும்.

எங்கள் பங்கிலுள்ள பழைய ஜீப், மலைப் பங்கொன்றில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு எங்களிடம் வந்தது. சமவெளி நெடுஞ்சாலையில் அதன் இஞ்சின் ஓலமிட்டது. ஆகவே பட்டறைக்காரர் முன், பின் அச்சுகள் இரண்டிலும் கிரவுன் பினியனை மாற்றினார். முன்பிருந்தவை 43 பற்களும் 8 பற்களும் கொண்டவை, தண்டு 5.38 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். புதியவற்றில் 47 பற்களும் 11 பற்களும், 4.27 சுற்றே போதும். இஞ்சின் அமைதியுற்றது, பங்குப் பேரவை அமைதியிழந்தது.

காரணம் டீசல் கணக்கு. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடிய வண்டி, இப்போது 8-க்கும் குறைவாக ஓடியதாக மீட்டர் காட்டியது. "மீதி டீசல் எங்கே போகிறது, சாமி?" என்று பேரவையினர் கேட்டனர். ஓட்டுநர் பதினைந்து ஆண்டுகள் எங்களோடு உழைத்தவர். "ஒரு சொட்டும் நான் எடுக்கவில்லை, சாமி" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பும் நற்பெயரும் அந்த எண்களில் தொங்கின. "முதலில் மீட்டரை விசாரிப்போம்" என்றேன்.

முள்ளை நாற்பதில் நிலையாக நிறுத்தி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை செயலரே கடிகாரம் பார்த்தார். 90 வினாடி ஆகியிருக்க வேண்டும். 72 வினாடியே ஆயிற்று. 3600-ஐ 72-ஆல் வகுத்தால் 50! இருபது கிலோமீட்டர் கடந்தபோது மீட்டர் ஏறக்குறைய 16 மட்டுமே எண்ணியிருந்தது.

இத்தகைய ஜீப்பில் வேகமானியின் கேபிள், அச்சுக்கு முன்னுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து புறப்படுகிறது. அச்சில் நேர்ந்த மாற்றம் அதற்குத் தெரியாது. தண்டு குறைவாகச் சுழன்றதால் முள்ளும் குறைத்துக் காட்டியது. தொலைவு எண்களும் குறைந்தன. பத்து லிட்டரில் வண்டி ஓடியது 100 கிலோமீட்டர்; ஏட்டில் ஏறியதோ 79. அதனினும் அஞ்சத்தக்கது, பள்ளிக்கூட வாசலில் நாற்பது என்றெண்ணி ஐம்பதில் சென்றிருப்பதே.

திருத்தும் வழி எளிது. 5.38-ஐ 4.27-ஆல் வகுத்தால் 1.26. கேபிள் அத்தனை மடங்கு விரைந்து சுழல வேண்டும். கேபிளின் முனையிலுள்ள சிறு பற்சக்கரத்தில் 19 பற்கள் இருப்பின், 15 பற்கள் கொண்டதைப் பொருத்த வேண்டும். அது கிடைக்காவிடில் கேபிளோடு இணைக்கத்தக்க சிறு கியர்ப் பெட்டியைப் பயன்படுத்தலாம். முள்ளை மட்டும் நகர்த்தித் திருத்துவது பயன் தராது. ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, முள்ளை நகர்த்துவது சுழலும் காந்தம். தொலைவு எண்களை நகர்த்துவது பற்சக்கரங்கள். முள் திருந்தினாலும் எண்கள் பொய்யே சொல்லும்.

கணக்கேடு திருத்தப்பட்டது. பேரவையினர் ஓட்டுநரின் வீட்டுக்கே சென்று வருத்தம் தெரிவித்தனர்.

அன்பர்களே, அச்சின் கியரை மாற்றினாலும், பெரிய டயர் மாட்டினாலும், பத்துக் கிலோமீட்டர் கற்களை எண்ணி மீட்டரைச் சரிபாருங்கள். வண்டி ஓட்டுகிறவரைக் கேள்வி கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.